கழுதைக்கு ஒரு மாத ஓய்வு

கழுதைக்குக் காய்ச்சல் என்று ஹட்டன் பஜாரில் நின்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு உங்கள் முகத்தைப் பார்த்து, இந்த ஆள் நிஜமாகத்தான் சொல்கிறான் என்று தெரிந்ததும் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். மாசி மாதம் முழுக்க அந்தச் சிரிப்பை மருந்துக் கடையிலும் பஸ்ஸிலும் பாடசாலை ஆசிரியர் அறையிலும் அரசாங்க அலுவலகத்திலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கழுதையைப் பற்றி நம் மொழியில் எத்தனை பழமொழிகள் உண்டோ அத்தனையும் என் காதில் விழுந்தன. அதற்கு என்ன செய்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியார். அக்காவும் நானும் அதே தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், அப்பா அம்மா இருந்த ஒற்றை அறைக் காம்பிராவையே முன்பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டிக்கொண்டு இருக்கிறோம். அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். நான் படித்தது அவள் பறித்த கொழுந்தில்தான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் பாதி பொய்யாகிவிடும். வேலை விட்டு வந்ததும் லயத்துக்குக் கீழே ஓடையோரத்தில் இருக்கும் துண்டு நிலத்தில் லீக்ஸ், கோவா, கரட் என்று ஏதாவது போட்டுக்கொண்டிருப்பாள். வாரத்தில் இரண்டு நாள் காலையில் மரக்கறி லொறி மேல் ரோட்டுக்கு வரும். ஓடையிலிருந்து அந்த ரோட்டுக்கு ஏறத் தேயிலைக்கு நடுவே நானூறு படிக்குக் குறையாது. மழைக் காலத்தில் அதில் பாதி படியாக இருக்காது, சேறாக இருக்கும். இரண்டு மூட்டை மரக்கறியை அக்கா நெற்றியில் கயிறு கொடுத்து முதுகில் ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து தானாக விழுந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, இனித் தலையிலோ முதுகிலோ சுமை ஏற்றக் கூடாது, ஏற்றினால் கை விளங்காமல் போய்விடும் என்று சொல்லி, அதைக் கிளினிக் கொப்பியிலும் எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தக் கொப்பியை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள். கொழுந்துப் பையைக் கொஞ்சம் சிறியதாக மாற்றிக்கொண்டாள். மரக்கறி மூட்டையைச் சிறியதாக்க முடியவில்லை.

தம்பி என்று ஒருவன் இருந்தானே, அவன் என்ன செய்தான் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எங்கள் லயத்தில் வாத்தியார் மூட்டை தூக்குவது நடக்காத காரியம். நியமனக் கடிதம் வந்த நாளிலிருந்து நான் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் நாலு வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். டவுனிலிருந்து அரிசி வாங்கி வந்தால் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அது வேறொருவர் தோளில் இருக்கும். லயத்திலிருந்து ஒருவன் வெள்ளைச் சட்டையோடு வெளியே போகிறான் என்பதில் எல்லோருக்கும் ஒரு பெருமை. அந்தச் சட்டையில் அழுக்குப் படக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். எனக்கும் அது பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்வதைவிட, பிடித்திருந்தது என்று சொல்வதுதான் சரி.

லயத்து இளவட்டங்கள் சில வாரம் அக்காவுக்காகச் சுமந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா மறுபடியும் கயிற்றை எடுத்தாள். போன வருடம் ஆவணியில் மடு மாதா கோயிலுக்கு யாத்திரை போனபோதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. மன்னார் டவுனில் கழுதைகள் ரோட்டோரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தன. கடை வாசலில் நிற்கின்றன, பஸ் நிறுத்தத்தில் நிற்கின்றன, யாரும் ஏனென்று கேட்பதில்லை. இதில் ஒன்று இருந்தால் அக்காவின் கழுத்து தப்பித்துவிடுமே என்று தோன்றிவிட்டது. வேனில் வந்தவர்கள் தடுத்துப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை. கழுதை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, சாதுவான ஒரு பெட்டைக் கழுதையாகப் பார்த்துப் பேசி, அனுமதிக் கடிதம் கிடிதம் எல்லாம் எடுத்து, மலைநாட்டுக்குக் கருவாடு ஏற்றி வரும் லொறியில் அதை அனுப்பி வைத்தேன். வந்து ஒரு வாரம் வரை அது நடந்த இடமெல்லாம் கருவாட்டு வாசனை அடித்தது.

வந்த அன்றைக்கே உண்ணியைப் பார்த்துவிட்டோம். காதுக்குள்ளே, வாலுக்கு அடியில், தொடை இடுக்கில் என்று கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தது. எங்கள் பக்கத்துக் காம்பிராக்காரர் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பசு வைத்துப் பால் ஊற்றுகிறார். மாட்டு விஷயத்தில் லயத்துக்கே அவர்தான் நீதிபதி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவருடைய தலைமையில் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணி பிடுங்கினார்கள். பிடுங்கிப் பிடுங்கி மண்ணெண்ணெய் டின்னில் போட்டார்கள். கடைசி உண்ணி உள்ளே விழுந்ததும், இனிக் கவலையில்லை சார் என்றார். நானும் கவலையை விட்டேன். உண்ணி கடித்து உள்ளே இறக்கியது என்று ஒன்று இருக்கும், அதை விரலால் பிடுங்க முடியாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலு மாதம் நன்றாகத்தான் போனது. முதுகில் சாக்கைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டை கட்டி, அக்கா முன்னால் நடந்தால் அது பின்னால் நடக்கும். முதல் வாரத்திலேயே படிகளில் எது ஆடும் எது ஆடாது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் கழுதைகள் போதாமல் வாத்தியார் மன்னாரிலிருந்து வரவழைத்திருக்கிறார் என்று லயத்தில் கேலி பேசினார்கள். பிள்ளைகளுக்கும் அது தெரியும், என்னைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. கார்த்திகையில் அக்கா தேங்காய் துருவ ஆரம்பித்தாள், வலது கையால். ஒரு வருடமாக அதை நான்தான் துருவிக்கொண்டிருந்தேன். நான் பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நத்தார்ப் பண்டிகை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு கழுதை பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. அடம் பிடித்து நிற்பதில்லை; தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஏதோ மறந்துபோனதை யோசிப்பதுபோல நிற்கும். தட்டினால் நாலு படி ஏறும், மறுபடி நிற்கும். லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான். அக்கா பக்கத்தில் நின்று கத்துவாள். இரண்டு தடவை லொறி போய்விட்டது. வெட்டிய லீக்ஸ் சாக்குக்குள்ளேயே வெந்துபோய்க் கிடந்தது.

பக்கத்துக் காம்பிராக்காரர் வந்து பரிசோதித்தார். மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அசை போடுகிறதா என்று வெகு நேரம் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுதை அசை போடாது என்று நான்தான் சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, அதையும் அதன் குற்றமாகவே வைத்துக்கொண்டார். பிறகு அது மூத்திரம் பெய்யும்வரை காத்திருந்து அதையும் பார்த்தார். மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் மூத்திரம் சிவந்துவிடும். இதற்குச் சிவக்கவில்லை. ஆகவே காய்ச்சல் இல்லை. ஆகவே சோம்பல். தீர்ப்பு முடிந்தது. மாட்டுப் பொங்கலன்று தம் பசுக்களுக்குப் பொட்டு வைத்தவர், பாவம் பார்த்து எங்கள் கழுதைக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். நெற்றி நெருப்பாகச் சுட்டிருக்கும், அது அவர் விரலுக்குத் தெரியவில்லை. குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை; நான் அதன் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மன்னார்க்காரருக்குப் போனில் வீடியோ எடுத்து அனுப்பினேன். குளிருக்கு அப்படித்தான் நிற்கும், நாலு நாள் நல்ல வெயில் பட்டால் சரியாகிவிடும் என்று பதில் போட்டார். தை மாதத்தில் எங்கள் மலையில் நாலு நாள் வெயிலை எந்தக் கடையில் வாங்குவது என்று அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர் என்று எழுதுவார்கள், சம்பளமும் பாதிதான். அக்காவுக்கு எத்தனையோ நாள் அரைப் பேர் விழுந்திருக்கிறது. காய்ச்சலோடு போன நாளிலும் விழுந்திருக்கிறது, கை மரத்துப்போன நாளிலும் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அப்படித் திட்டுவாள், கேட்கக் காது கூசும். அந்த அக்காதான் ஒரு நாள் சாயங்காலம் புண்ணாக்கு வாளியோடு கொட்டிலுக்குப் போனவள், பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒரு நடைதான் ஏறியது, அதனால் இன்றைக்கு அதற்கு அரைப் பேர் என்றாள்.

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். முதல் நாள் அது விளையாட்டு. இரண்டாவது வாரத்தில் அது சட்டம். ஏறினால் முழு வாளி, நின்றால் அரை வாளி. எனக்கு அதில் ஒரு நியாயம்கூடத் தெரிந்தது. தின்பது குறையக் குறைய அது ஏறுவது குறைந்தது. ஏறுவது குறையக் குறைய நாங்கள் கொடுப்பது குறைந்தது. இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று கணக்கு வாத்தியாருக்குத் தெரியவில்லை.

மாசி பிறந்த வாரத்தில் ஒரு லொறி நாள். கழுதை பாதி வழியில் மூட்டையோடு அப்படியே படுத்துவிட்டது. அக்கா மூட்டைகளை அவிழ்த்து, சாக்குக் கயிற்றையே நெற்றியில் போட்டு, இரண்டையும் தானே மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். நான் பாடசாலை விட்டு வந்தபோது தேத்தண்ணியை இடது கையால் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபம்? கழுதை மேல். அவளுடைய கழுத்துக்காகத்தானே உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தேன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு தேயிலை மிலாறுக் குச்சியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். ஒரு அடி அடித்தேன். அது திரும்பிப் பார்க்கவில்லை. காதுகூட அசையவில்லை. அடி வாங்கிய உடம்பு அப்படி இருக்கக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாளே அரை நாள் லீவு போட்டு டவுனில் மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போனேன். கதவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தவரிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு, என்னைப் பார்த்து, மாத்தயா, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். சொன்னேன். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். படிவத்தில் மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி, நாய் என்று இருந்தது. கழுதைக்கு இடம் இல்லை. கடைசியில் மாடு என்ற இடத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். டாக்டர் மாடுகளுக்குச் சினை ஊசி போட வெளியே போயிருந்தார். இரண்டு மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை போனபோது டாக்டர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இன்னொரு ஒன்றரை மணி நேரம் அதே வாங்கு. சுவரில் பசு மடியைக் கழுவுவது எப்படி என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. அதை இப்போது கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

மூன்றாவது தடவை டாக்டர் இருந்தார். வயது குறைந்த ஒரு சிங்களப் பெண். அவர் சிரிக்கவில்லை. இதுவரை கழுதைக்கு வைத்தியம் பார்த்ததில்லை, படித்திருக்கிறேன், வந்து பார்க்கிறேன் என்று நேராகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் மேல் ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டுப் பாதிப் படிகளை வழுக்கிக்கொண்டே இறங்கி வந்தார்.

வெப்பமானியை வைத்துப் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்த்தார், மஞ்சள் தட்டியிருந்தது. பிறகு கழுதையின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்த துணிபோல இருந்தது. இரத்தத்துக்குள்ளே ஒரு கிருமி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, சிவப்பு அணுவுக்குள் புகுந்து அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும், உண்ணி கடித்துத்தான் அது உள்ளே போகும் என்று விளக்கினார். இது மன்னாரிலேயே தொற்றியிருக்க வேண்டும், நன்றாகத் தின்று சும்மா இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும், குளிரும் பாரமும் பசியும் சேர்ந்தால் தலை தூக்கும் என்றார். பக்கத்துக் காம்பிராக்காரர் விடவில்லை. மூத்திரம் சிவக்கவில்லையே என்று என்னைக் கேட்கச் சொன்னார். கழுதைக்கு எப்போதும் சிவக்க வேண்டும் என்றில்லை, மாட்டை வைத்துக் கழுதையைப் பார்க்கக் கூடாது என்று பதில் வந்தது. அதை நான் கொஞ்சம் சத்தமாகவே மொழிபெயர்த்தேன்.

என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா வாளியைக் காட்டி, பாதி என்று கையால் அளந்து காட்டினாள். ஏன் பாதி என்று டாக்டர் என்னைக் கேட்டார். அரைப் பேர் என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். வேலை குறைந்தது, அதனால் சாப்பாட்டைக் குறைத்தோம் என்று சொன்னேன். சொல்லும்போது என் வாயிலிருந்து அது வருவதை நானே கேட்டேன். டாக்டர் கழுதையின் காதில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொண்டார். அக்கா உள்ளே போய் முழு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். கழுதை இரண்டு வாய் தின்றுவிட்டு நிறுத்திவிட்டது.

கண்ணாடித் துண்டு பரிசோதனைக்குப் போகும் வழியில் உடைந்துவிட்டதாம். ஐந்து நாள் காத்திருந்த பிறகு அதைச் சொன்னார்கள். நான் போனைத் தூக்கி எறிந்திருப்பேன், புதுப் போன் என்பதால் எறியவில்லை. டாக்டர் மறுபடி வந்து மறுபடி இரத்தம் எடுத்தார். கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தபோது அலுவலகத்தில் மருந்து இல்லை. சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்து நுவரெலியாவில் மாட்டு மருந்து விற்கும் ஒரு கடையில் வாங்கி வந்தேன். போத்தலைப் பார்த்ததும் பக்கத்துக் காம்பிராக்காரர் சிரித்தார். என் பசுவுக்குப் போட்ட அதே மருந்து, நூறு தடவை பார்த்திருக்கிறேன், டாக்டரை எதற்குக் கூப்பிட வேண்டும், நானே போட்டுவிடுகிறேன் என்று கையை நீட்டினார். அந்த ஒரு தடவை மட்டும் நான் சரியாக நடந்துகொண்டேன். போத்தலைக் கொடுக்கவில்லை.

கொடுத்திருந்தால் கழுதை அன்றைக்கே போயிருக்கும். மாட்டுக்குப் போடும் அளவைக் கழுதை தாங்காது என்று டாக்டர் சொன்னார். கொஞ்சமாகத்தான் போட்டார், அதற்கே அதன் வாயிலிருந்து எச்சில் வடிந்தது, வயிற்று வலியில் பின்னங்காலை மாற்றி மாற்றி உதைத்தது. டாக்டர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஊசிகளையும் தானே வந்து போட்டார். கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ஒரு மாதம் முழு ஓய்வு. ஒரு கிலோ பாரம்கூட ஏற்றக் கூடாது. முழுத் தீனி. அதற்குப் பிறகும் கிருமி உடம்பை விட்டுப் போகும் என்று சொல்ல முடியாது, இனி எப்போதும் பாரத்தைக் குறைத்தே ஏற்ற வேண்டும்.

அந்தத் தாளைக் கொட்டில் பலகையில் நாலு ஆணி அடித்துப் பதித்தேன். லயமே வந்து பார்த்தது. கழுதைக்கு லீவு லெட்டர் என்று ஒருவன் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். நாலைந்து நாளில் கழுதையின் காது நிமிர்ந்தது. வாளியை முட்டித் தள்ளித் தின்ன ஆரம்பித்தது. காது நிமிர்ந்ததைப் பார்த்ததும் பக்கத்துக் காம்பிராக்காரர் வந்தார்.

"காச்ச விட்டுருச்சில சார். காச்ச விட்டா அடுத்த நாளு பெரட்டுக்குப் போறதுதானே. நாங்கல்லாம் அப்பிடித்தான் போனோம்."

காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்கு உடம்பு சரியில்லை என்று வராமல் நின்றால் அடுத்த நாள் என்ன கேள்வி வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்டவரே அவர்தான். எனக்குச் சுள்ளென்று வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதற்கு மேல் பேச்சில்லை என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னேன். யாராவது என் கழுதை மேல் ஒரு மூட்டையை வைத்தால் நடப்பது வேறு என்றும் சொன்னேன். அதோடு விடவில்லை. லொறி நாளன்று விடியற்காலையில் எழுந்து கொட்டில் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். தாள் பலகையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கழுதை தின்றுகொண்டிருந்தது. வெகு நாளைக்குப் பிறகு ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்கிறோம் என்ற திருப்தியோடு ஆறு மணிக்கு உள்ளே போய்ச் சட்டைக்கு அயர்ன் போட ஆரம்பித்தேன்.

அக்காவைக் காணவில்லை என்பது காலரைத் திருப்பிப் போடும்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்து பார்த்தேன். தேயிலைக்கு நடுவே, பாதி வழியில், ஒரு மூட்டை நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் அக்கா. கயிறு நெற்றியில் இறங்கியிருந்தது. வலது கையைத் தொங்க விட்டுவிட்டு இடது கையால் மட்டும் கயிற்றைப் பிடித்திருந்தாள். நான் ஓடினேன். கத்திக்கொண்டே ஓடினேன். உனக்கு என்ன பைத்தியமா, கை போய்விடும் என்று டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா, யாரைக் கேட்டுத் தூக்கினாய் என்று வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். லயத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அக்கா மூட்டையை மேல் படியில் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கோபம் எதுவும் இல்லை. மூச்சு வந்த பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அதுக்கு ஒரு மாசம் லீவு எழுதிக் குடுத்தாங்க. நீ ஆணி அடிச்சு வச்சு, கதிர போட்டுக் காவ காத்த. எனக்கும்தான் தம்பி ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு நீ என்னா செஞ்ச? ஒரு கழுத வாங்கிக் குடுத்த."

பதில் தேடினேன். பாடசாலை இருந்தது, பயிற்சி வகுப்பு இருந்தது, லயத்தார் விடமாட்டார்கள், வெள்ளைச் சட்டை. இரண்டு வருடமாகக் கைவசம் வைத்திருந்த பதில்கள் எல்லாம் இருந்தன. கயிற்றை அவள் நெற்றியிலிருந்து எடுத்தேன். பழக்கத்தில் அவள் முதலில் விடவில்லை; விரலை ஒவ்வொன்றாக விலக்கத்தான் வேண்டியிருந்தது. வலது கை விரல்கள் ஐஸ்போல இருந்தன.

மூட்டையை முதுகில் ஏற்றினேன். நாலு படி ஏறுவதற்குள் பக்கத்துக் காம்பிராக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து, சார், குடுங்க சார் என்று பிடித்தார்கள். கையை எடுங்கள் என்றேன். எடுக்கவில்லை. அந்த லயத்தில் அதுவரை நான் பேசாத ஒரு கெட்ட வார்த்தையைப் பேசினேன். எடுத்துவிட்டார்கள். மேல் ரோட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு நின்று பார்த்தார்கள். யாரும் வாயைப் பொத்தவில்லை. லொறிக்காரன் என் முதுகிலிருந்து மூட்டையை வாங்கி ஏற்றினான். மறுபடி ஓடைக்கு இறங்கி இரண்டாவது மூட்டையையும் கொண்டுவந்து ஏற்றினேன். நெற்றியில் கயிற்றுத் தடம் எரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டு மணி அடிப்பதற்கு முன் பாடசாலைக்கும் போய்விட்டேன்.

இரண்டு மூட்டைக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. மிருக வைத்திய அலுவலகத்து வாங்கில் நான் முதல் இரண்டு தடவையும் அதைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் அந்தப் படிகளில் ஏறியவளுக்கு அந்த முக்கால் மணிக் கணக்கு தெரியாமலா இருந்திருக்கும்.